நோன்புக் கஞ்சியும் சமுதாய உருவாக்கமும்

ஊர்விட்டு ஊர் வந்து, உற்றார் உறவினரின்றித் தங்கியிருக்கும் இளையோருக்குச் சோறிடுவது யார் என்னும் வினா, இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்ததாகும். மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் திண்ணையில் தங்கியிருந்த அஹ்லுஸ் ஸுஃப்பா எனப்பட்டோருக்கு அங்கே வீடும் இல்லை, குடும்பமும் இல்லை. இருவருக்குரிய உணவை வைத்திருப்பவர், மூன்றாமவராக அவர்களுள் ஒருவரை அழைத்துச் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஊராரின் வீட்டு அடுப்புகளே வந்தவர்களை ஊரோடு இணைத்தன.

குழம்பு சமைக்கையில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்குக் கூறப்பட்ட அறிவுரை ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தமிழக முஸ்லிம்களின் நோன்புக் கஞ்சியை அவ்வறிவுரையின் உருவம் என்றே சொல்லலாம். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், இயன்றால் சிறிது கறி என அதற்குரிய பொருள்கள் எளியவை. பக்குவமோ எளிதன்று. நொய் அடிப்பிடிக்காதவாறு ஓயாது கிளற வேண்டும். தேங்காய்ப்பால் சேர்த்தபின் தீயைத் தணிக்க வேண்டும். ஆறும்போது இறுகும் என்பதறிந்து சற்று நெகிழ்வாகவே இறக்க வேண்டும். பெரியவர் தேக்சாவின் அருகில் நின்று சொல்ல, இளைஞர் துடுப்புப் பிடித்துக் கற்பவை இவை. பூண்டு உரிப்பதும் கோப்பைகளை அடுக்குவதும் சிறுவர் பங்கு. அஸருக்குப் பின் தூக்குவாளியுடன் வருவோரில் பிற சமயத்து அண்டை வீட்டாரும் இருப்பர்.

கஞ்சிக்கான அரிசியைப் பள்ளிவாசல்களுக்கு வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2001இல் தொடங்கியது. 2020இல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி ஒதுக்கப்பட்டது. ஆயினும் கொரோனா ஊரடங்கினால் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்ச இயலாமல், அவ்வரிசி இல்லங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அரிசி வந்தது, ஒன்றாக நின்று காய்ச்சும் களம் இல்லாமற் போயிற்று. அரிசியை அரசும் செல்வரும் தரலாம், கைப்பக்குவத்தை ஒரு தலைமுறையே அடுத்த தலைமுறைக்குத் தர இயலும் என்பதை அவ்வாண்டு நமக்கு உணர்த்திற்று. 2023இல் அஸர்பைஜான், ஈரான், உஸ்பெகிஸ்தான், துருக்கி ஆகிய நாடுகளின் இஃப்தார் மரபை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, உணவு ஆயத்தத்தில் சிறுவரும் இளையோரும் ஈடுபடுவதும் அம்மரபின் கூறாகவே குறிக்கப்பட்டது.

இன்று ஸுஃப்பாவின் வினா ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மீண்டும் எழுந்துள்ளது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் இளையோர் வந்து விடுதிகளில் தங்குகின்றனர். 2021 டிசம்பரில், இவ்வட்டாரத் தொழிற்சாலையொன்றின் பெண் தொழிலாளர் 150க்கும் மேற்பட்டோர் விடுதி உணவு நஞ்சானதால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், அவர்தம் தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியதும் வாசகர்க்கு நினைவிருக்கும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. தங்குமிடத்திற்கு வழி பிறந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் தாயும் பாட்டியும் உடனிருந்து கற்றுத்தரும் அடுக்களையைக் கட்டடம் தந்துவிடாது.

எனவே, இவ்வட்டார ஜமாஅத்தினர் ரமளானில் கஞ்சியை முழுவதும் கூலிச் சமையலுக்கு விட்டுவிடாமல், விடுதி இளைஞர்களையும் தேக்சாவின் அருகே அழைக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தோர் தம் வீட்டுக் கொண்டைக்கடலைப் பக்குவத்தை நமக்குக் காட்டட்டும். பெண் தொழிலாளர்க்கு மஹல்லாவின் மூதாட்டியர் தம் அடுக்களையைச் சமயம் பாராது திறந்து வைக்கட்டும். கஞ்சி குடித்தவர் விருந்தாளியாகவே திரும்பிவிடக்கூடும். உடன் நின்று காய்ச்சியவர் அடுத்த ரமளானில் இன்னொருவருக்குக் கற்றுத் தருவார்.