நாலு பிள்ளை போய் ஒரு பிள்ளை: கடைசிக் காலக் கஞ்சிக்கு யார் பொறுப்பு?



மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நடவுக்கு ஆள் தேடிப் போனால் என்ன பதில் வருகிறது? "இருக்கிறவுக எல்லாம் வயசானவுகதான், பிள்ளைக வெளியூர்ல இருக்கு" என்கிறார்கள். இந்த நிலைமை ஒரு நாளில் வந்ததல்ல. எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம்.

நம்ம பாட்டன், பூட்டன் காலத்துல வீட்டுக்கு எட்டு, பத்துப் பிள்ளைகள் பிறந்தன. காரணம் ஆசை மட்டுமல்ல, பயமும்தான். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையை உலுக்கியது. பட்டினியோடு காலராவும் சேர்ந்து ஊர் ஊராகக் கொண்டு போனது. விளைந்த வருஷத்திலும் அம்மைக்கும் பேதிக்கும் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தன. நிறையப் பெற்றால்தான் நாலு தங்கும். மாடு மேய்க்க, களை பறிக்க, கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்ற அந்த நாலு பேர் வேணும்.

1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் வந்து வயிறு கொஞ்சம் நிறைந்தது. பிறகு தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் வந்தன. காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்தன. பிறந்த பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான், சுவரில் இருந்த சிவப்பு முக்கோணத்தை நம்ம ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1978-இல் பெண்ணின் திருமண வயது 18 ஆனது. 1989-இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பெண் எட்டாவது படித்திருந்தால்தான் பணம் என்றது. படித்த பெண் தாமதமாகக் கட்டிக்கொண்டாள், அளவாகப் பெற்றாள்.

கணக்கைப் பாருங்கள். 1971-வாக்கில் தமிழ்நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரியாக நாலு பிள்ளை. 2020-இல் அது 1.4. ஜனத்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும்.

இதில் ஒரு வேதனையும் உண்டு. பிள்ளை குறைவாகப் போதும், ஆனால் அது ஆணாக இருக்கணும் என்ற நினைப்பும் வரதட்சணையும் சேர்ந்து பெண் சிசுக்களைக் காவு கொண்டன. 1980-களில் நம்ம உசிலம்பட்டியின் பெயர் நாடு முழுவதும் இதற்காக அடிபட்டது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது இந்தக் கொடுமையைத் தடுக்கத்தான். இன்றைக்கு எத்தனையோ வீட்டில் பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது மகள்தான்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதுக்காரர்கள், அல்லது அதற்கும் மூத்தவர்கள். 2036-இல் ஐந்தில் ஒருவர் அப்படி இருப்பார் என்று அரசு நிபுணர் குழு கணித்திருக்கிறது. குடும்பம் சுருங்கிவிட்டது. ஆனால் "பிள்ளை பார்த்துக்குவான்" என்ற நம்ம பழைய கணக்கு மட்டும் மாறவில்லை. நாலு பேர் சுமந்த பாரம் இப்போது ஒருவன் தலையில். அவனும் பிழைப்புக்கு வெளியூரில்.

ஆகவே ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நிலத்தைப் பிள்ளைகள் பேருக்குத் தானப் பத்திரம் எழுதும்போது, "எங்கள் ஆயுள் உள்ளவரை சோறும் துணியும் வைத்தியமும் பார்க்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, அப்படி எழுதியும் பிள்ளை பார்க்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இல்லாமல் எழுதிவிட்டால் வழக்கு சிக்கலாகும். உயில் எழுதினாலோ, நிலம் உங்கள் காலம் வரை உங்கள் கையில்தான்.

இது பிள்ளையை நம்பாத பேச்சல்ல. வரப்பு போடுவது பக்கத்து வயல்காரனைச் சந்தேகப்பட்டா? இரண்டு பேருக்கும் நல்லது என்றுதானே.