பெட்டியடிப் பையன்கள்

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எனப்படும் நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடி, இரணியூர் ஆகியவை திருப்பத்தூருக்கு அருகில் உள்ளவை. இந்தக் கோயில்களைச் சேர்ந்த குடும்பங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த ஆண்பிள்ளைக்குத் தொழில் பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகியிருந்தது. இலங்கை, பர்மா, மலேயா, சைகோன் ஆகிய இடங்களில் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது; நெல் விளைவிக்கக் கடன் கொடுக்க ஆள் தேவைப்பட்டது.

பயிற்சி ஊரிலேயே தொடங்கியது. திண்ணைப் பள்ளியில் பையன் எண்சுவடியை மனப்பாடம் செய்தான். இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி என்று பின்னங்கள் நாக்கில் நிற்க வேண்டும். காகிதம் இல்லாமல் வட்டி சொல்லத் தெரிந்த பிறகே அவன் கணக்குக்கு உரியவன் ஆனான். பத்துப் பன்னிரண்டு வயதில் கப்பலேறியவர்களும் உண்டு.

போய்ச் சேருமிடம் கிட்டங்கி. ரங்கூனின் மொகல் தெருவிலும் சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் இருந்த கிட்டங்கிகள் நீண்ட கூடங்கள்; ஒரே கூடத்தில் பல விலாசங்கள், அதாவது வட்டிக்கடைகள், அடுத்தடுத்துத் தொழில் நடத்தின. ஒரு பாய், ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை: ஒரு கடைக்கு அவ்வளவே இடம். அந்தப் பெட்டியின் அருகில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்தவன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேலே அடுத்தாள். எல்லோருக்கும் மேலே முதலாளியின் சார்பில் கடன் கொடுக்கவும் வசூலிக்கவும் அதிகாரம் பெற்ற மேலாள். தவணை பொதுவாக மூன்று ஆண்டுகள். அது முடிந்ததும் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்பி, சில காலம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி புறப்படுவது வழக்கம். அந்த மூன்று ஆண்டுகளும் மனைவி பெரிய வீட்டில் தனியே காத்திருந்தாள் என்பதையும் இந்த ஏற்பாட்டின் விலையாகவே கணக்கிட வேண்டும்.

எந்தத் தொழில் என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. ஆனால் அந்தத் தொழிலுக்குள் எந்தப் படிக்கு ஒருவன் பொருந்துவான் என்பதை நேரில் பார்த்தே முடிவு செய்தார்கள். உண்பதும் உறங்குவதும் வேலை செய்வதும் ஒரே கூடத்தில் என்பதால், பையனின் குணம் எதுவும் மறையாது. பேரேடு எழுதுவதில் கை ஓடுபவன் கணக்கோடு நின்றான்; கடன் கேட்டு வருபவனின் முகம் பார்த்து நிலவரம் அறிபவன் மேலாளாக உயர்ந்தான். மேலாளுக்குச் சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கும் கிடைத்ததால், சேர்த்த பணத்தில் சொந்த விலாசம் தொடங்கியவர்களும் உண்டு. திறமையை இவ்வளவு நுணுக்கமாக எடைபோட்ட இந்த முறை, பையனின் விருப்பத்தை மட்டும் கேட்கவில்லை.

அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதற்குத் திருப்பத்தூர் வட்டத்து மகிபாலன்பட்டியிலேயே சான்று இருக்கிறது. 1881இல் அங்கே பிறந்த மு. கதிரேசன் செட்டியார் சில மாதங்களே பள்ளி சென்றவர். பதினோரு வயதில் வணிகத்துக்காக இலங்கைக்கு அனுப்பப்பட்டார். சில ஆண்டுகளில் ஊர் திரும்பினார். இளமையிலேயே கால் பாதிக்கப்பட்டவருக்கு ஊன்றுகோலே துணை. கடைக்குத் திரும்பாமல் தமிழ் நூல்களைத் தாமே படித்தார், சோழவந்தான் அரசஞ்சண்முகனாரிடம் இலக்கணம் கேட்டார், வடமொழியும் கற்றார். 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை அமைவதில் முன்னின்றார். வடமொழி நாடகமான மிருச்சகடிகத்தை ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழாக்கினார், கௌடிலீயத்தையும் மொழிபெயர்த்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார்; 1942இல் மகாமகோபாத்தியாய பட்டம் வந்தது. வட்டித் தொழிலில் வளர்ந்த கானாடுகாத்தான் குடும்பத்தின் பணத்தில் எழுந்த பல்கலைக்கழகத்தில், அத்தொழிலை விட்டு வந்தவர் ஆசிரியராக அமர்ந்தது இந்த வரலாற்றின் அழகான திருப்பம்.

1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. அடமான நிலங்கள் கடன் கொடுத்தவர்களிடமே வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் செட்டியார்கள் வசமானது. பர்மியரின் கோபமும் அதோடு வளர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது மொகல் தெரு காலியானது. போருக்குப் பின் நிலம் அரசுடைமையானது. 1963இல் வங்கிகளும் அவ்வாறே ஆயின.

ஏணி உடைந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் வேறு திசைகளில் போனார்கள். 1927இல் சிறுகூடல்பட்டியில் பிறந்து சுவீகாரம் போன முத்தையா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சென்னை சென்றார். பத்திரிகை வேலை வழியே கண்ணதாசன் ஆனார். பக்கத்துச் சிங்கம்புணரியின் ப. சிங்காரம் நகரத்தார் அல்லர். ஆயினும் பதினெட்டு வயதில் சுமத்ராவின் மேடானுக்குப் போய்க் கடை வேலை பார்த்தார். போர் முடிந்து திரும்பி மதுரையில் தினத்தந்தியில் பணியாற்றினார். பெட்டியடியும் மேலாளும் அடுத்தாளும் அவருடைய ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ நாவல்களில் பேசுகிறார்கள்.

1947இல் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். எண்சுவடியோடு கப்பலேறியிருக்க வேண்டிய தலைமுறை அங்கே வகுப்பறையில் உட்கார்ந்து, எந்தப் பாடத்தை எடுப்பது என்று யோசிக்கத் தொடங்கியது.