கண்டென்சர் மைக் கேப்சூல்: தேய்மானமும் மாற்றமும்

கேப்சூல் என்பது ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் கண்டென்சர் மைக்கின் தலைப்பகுதியில், கம்பிவலைக்குள் பொருத்தப்பட்டிருக்கும் வட்டமான உறுப்பு. டயாபிரம் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வின்மேல் பொன் பூசி, துளைகள் இட்ட பித்தளைத் தகட்டின் முன் இழுத்துக் கட்டியிருப்பார்கள். சவ்வும் தகடும் சேர்ந்தது ஒரு மின்தேக்கி. குரல் பட்டுச் சவ்வு அதிரும்போது இடைவெளி மாறுகிறது, அதனால் மின்தேக்குதிறனும் மாறுகிறது. சவ்வின் தடிமன் சுமார் 6 மைக்ரான். தகட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சில பத்து மைக்ரான்தான். தலைமுடி இதைவிடத் தடிமனானது.

மைக் வருவதற்கு முன்னரே தமிழிசை தட்டுகளில் பதிவாகத் தொடங்கிவிட்டது. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமபோன் தட்டுகளுக்குப் பாடிய காலத்தில் கூம்புக் குழாயின் முன் உரத்துப் பாடவேண்டும். குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடிழுத்தது. 1925இல் மின்வழிப் பதிவு வந்தபின் மெல்லிய குரலும் தட்டில் ஏறியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் அவர் குரலில் தட்டு எதுவும் இல்லை. அவருடைய லயத்திறனை இன்று பிறர் சொல்லித்தான் அறிகிறோம்.

கண்டென்சர் மைக்கை 1916இல் உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் ஈ.சி. வென்ட். அதை ஆலைப் பொருளாக்கியவர் ஜெர்மனியின் கியார்க் நாய்மன். 1928இல் பெர்லினில் தொடங்கிய அவரது நிறுவனம் 1930களில் எம் 7 என்ற கேப்சூலைச் செய்தது. இருபுறமும் சவ்வு கொண்ட இதன் அமைப்புக்கு பிரௌன்மியூல், வெபர் ஆகிய இருவரின் ஆய்வு அடிப்படை. 1949இல் வந்த யூ 47 மைக்கில் இருந்ததும் எம் 7தான். லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் குழுவினர் பாடிய மைக்குகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

எம் 7இன் சவ்வு பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதை நெகிழ்வாக வைத்திருக்கும் வேதிப்பொருள் வெளியேறிவிடும். சவ்வு விறைத்து, வெடித்து, பொற்பூச்சும் உதிரும். எனவே நாய்மன் நிறுவனம் பின்னர் பாலியெஸ்டர் சவ்வுக்கு மாறி, கே 47 கேப்சூலைச் செய்தது. எம் 7இல் பசையால் ஒட்டிய சவ்வு, கே 47இல் வளையமும் திருகுகளும் கொண்டு இறுக்கப்பட்டது. 1960இல் யூ 67 மைக்குடன் கே 67 வந்தது. வியன்னாவின் ஏ.கே.ஜி. நிறுவனம் 1953இல் சி 12 மைக்கில் வைத்த சிகே 12 இன்னொரு மரபு. இதில் மின்கம்பி சவ்வின் நடுவில் அல்லாமல் விளிம்பில் இணைகிறது. இன்று மாற்றுக் கேப்சூல் என விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த மூன்று நான்கு வடிவங்களின் வழிவந்தவையே.

போரின்போது 1943இல் நாய்மனின் ஆலை கெஃபெல் என்ற சிற்றூருக்கு மாற்றப்பட்டது. போர் முடிந்தபின் அது கிழக்கு ஜெர்மனிக்குள் அகப்பட்டுக்கொண்டது. பெர்லினில் கைவிடப்பட்ட எம் 7, கெஃபெலில் தொடர்ந்து செய்யப்பட்டது. சீனாவில் பெய்ஜிங்கின் 797 ஆலை இருந்த மின்னணு வளாகமும் கிழக்கு ஜெர்மனியின் உதவியால் 1950களில் எழுந்ததுதான். குறைந்த விலைக் கேப்சூல்களின் ஊற்று பின்னாளில் சீனாவானது.

மலிவு மைக்குகளில் ஒரு கோளாறு அடிக்கடி கேட்கும். கே 67 வேண்டுமென்றே மேல்சுருதி அலைகளை உயர்த்தித் தரும் கேப்சூல். யூ 67இன் மின்சுற்று அந்த உயர்வைத் திரும்பக் குறைத்துவிடும். அப்படிக் குறைக்கையில் இரைச்சலும் குறையும். நகல் எடுத்த பலர் கேப்சூலை மட்டும் எடுத்துக்கொண்டு, சுற்றை எளிமையாக்கிவிட்டார்கள். விளைவு, ‘ஸ’ என்று பாடினால் சீறும். இத்தகைய மைக்கில் கே 47 வகைக் கேப்சூலைப் பொருத்துவது பலரும் செய்யும் திருத்தம். மாறாக, யூ 67 போன்ற சுற்றில் கே 47ஐ வைத்தால் குரல் மங்கிவிடும். விலை உயர்ந்த கேப்சூல் எந்த மைக்கையும் உயர்த்திவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. 

மின்னிணைப்பும் பொருந்தவேண்டும். 1967இல் வந்த யூ 87இன் கேப்சூலில் முன் தகடும் பின் தகடும் மின்வழியில் பிரிந்தவை. கே 67ஐ அப்படியே அங்கே வைக்க முடியாது. மின்னழுத்தமும் அளவாக இருக்கவேண்டும். மிகுந்தால் சவ்வு தகட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒப்பிட்டுக் கேட்பதில்தான் ஏமாற்றம் அதிகம். கேப்சூலை மாற்றி, பாடகரை மறுபடி பாடச்சொன்னால் இரண்டாம் முறை குரலே வேறு. ஒரே வகை மைக் இரண்டு எடுத்து, ஒன்றில் பழைய கேப்சூலும் மற்றதில் புதியதும் வைத்து, தலைகளை நெருக்கி ஒரே நேரத்தில் பதிவு செய்வது நல்லது. பிறகு இரு பதிவுகளின் ஒலியளவையும் அரை டெசிபலுக்குள் சமப்படுத்தவேண்டும். சற்றே உரத்து ஒலிப்பதைச் சிறந்தது என்று எண்ணிவிடுவது காதின் இயல்பு. எது எது என்று தெரியாமல் கேட்பது இன்னும் நல்லது. சோதனைப் பாடலைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஸரிகமபதநி போதும், ‘ஸ’ சீறலைக் காட்டும், ‘ப’ மூச்சின் அடியைக் காட்டும். தம்புராவின் தொடர்நாதத்தில் இரைச்சல் மறைந்துவிடும் என்பதால் அமைதியையும் ஒரு நிமிடம் பதிவு செய்யவேண்டும்.

நம் ஊர்களின் ஈரக்காற்று கேப்சூலுக்குப் பகை. சவ்வின் விளிம்பில் எச்சிலும் தூசியும் படிந்து ஈரம் ஏறினால் மின்கசிவு உண்டாகி, படபடவென்ற ஓசை எழும். இதைக் கேட்டதும் கேப்சூல் போயிற்று என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. பல நேரங்களில் உலர்த்தினாலே சரியாகும். சவ்வை விரலால் தொடவோ துணியால் துடைக்கவோ கூடாது, பொற்பூச்சு போய்விடும்.

சவ்வு கிழிந்திருந்தாலும் பித்தளை உடல் கெடுவதில்லை. மிருதங்கத்தின் பலாக்கட்டையை வைத்துக்கொண்டு மூட்டை மட்டும் மாற்றுவதுபோல், பழைய உடலில் புதிய சவ்வு கட்டித் தரும் கைவினைஞர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். எவ்வளவு இழுத்துக் கட்டுகிறார் என்பதைப் பொறுத்து நாதம் மாறும். ஆகவே மாற்றுக் கேப்சூல் பொருத்தியவர்கள், கழற்றிய பழையதை எறியாமல், மைக்கின் வரிசை எண்ணை எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைக்கிறார்கள்.