அறபுத் தமிழ்: எழுத்துக்கூட்டும் முறை

அறபு எழுத்துகளால் எழுதப்படும் தமிழே அறபுத் தமிழ். தமிழகத்துக் கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் முஸ்லிம்களிடையே வழங்கிய இம்முறைக்கு ‘அர்வி’ என்றும் பெயர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898), பேருவளை ஷெய்கு முஸ்தபா ஆகியோரின் சமய நூல்கள் இதில் எழுந்தவை. கண்ணுக்கு அறபு, காதுக்குத் தமிழ்.

இதை வாசிக்கத் தனிப் பாடம் தேவைப்படவில்லை. இலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதப் பழகும்போதே பாதி வழி கடந்துவிடும். பழைய ஓதப்பள்ளி முறையில் முதலில் எழுத்தின் பெயர், பிறகு குறியின் பெயர், கடைசியில் இரண்டும் கூடிய ஒலி: “பே ஸபர் ப, பே ஸேர் பி, பே பேஷ் பு.” ஸபர் எழுத்தின் மேலே ஒரு கோடு, ஸேர் கீழே ஒரு கோடு, பேஷ் மேலே ஒரு சுழி. இவை பாரசீகப் பெயர்கள் என்பது ராகம் போட்டு ஓதும் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.

தமிழில் ‘க’ என்று எழுதினாலே அகரம் உள்ளே இருக்கிறது. அறபில் குறி இல்லாத எழுத்து வெறும் மெய். ஆகவே ‘கடல்’ என்பதைக் கூட்ட மூன்று எழுத்தும் மூன்று குறியும் வேண்டும்: முதல் இரண்டுக்கும் ஸபர், லகர எழுத்தாகிய லாமுக்கு உயிரை நிறுத்தும் ஸுகூன்.

அறபில் இல்லாத ஒலிகள்தாம் சிக்கல். எகர ஒகரங்களுக்குப் புதுக் குறிகள் பிறந்தன. அறபுத் தகர எழுத்தாகிய தாலின் கீழே புள்ளி வைத்தால் ‘ட’. நகர எழுத்தாகிய நூனின் கீழே கூடுதலாக ஒன்று வைத்தால் ‘ண’. இவ்வளவு பாடு எதற்கு? ‘துஆ’, ‘ஸகாத்’ போன்ற அறபுச் சொற்கள் தமிழ் வரிக்குள் வரும்போதும் தம் எழுத்துக் குலையாமல் நின்றன. அதுவே பெரிய இலாபம்.

வியட்நாமிய மொழியும் இரவல் எழுத்தில்தான் வாழ்கிறது. இலத்தீன் எழுத்தில் எழுதிய அதன் அகராதியை அலெக்சாண்டர் டி ரோட்ஸ் என்ற பாதிரியார் 1651இல் உரோமில் அச்சிட்டார். அங்கேயும் பிள்ளைகள் கூட்டித்தான் படிக்கிறார்கள்: மெய், உயிர், இரண்டும் சேர்ந்த அசை, அதன்மேல் தொனியின் பெயர், கடைசியில் முழுச்சொல். தொனிகள் ஆறு. தொனிக்குறி இல்லாத ‘மா’ பேய். கீழே புள்ளி இட்டு, குரலைத் தாழ்த்தி வெட்டினால் அதுவே நெல் நாற்று. நம்மிடம் புள்ளி மெய்யை மாற்றுகிறது, அங்கே தொனியை.

சமய நூல்கள் தமிழ் எழுத்திலேயே அச்சாகத் தொடங்கியபின் அறபுத் தமிழின் தேவை சுருங்கியது. எழுத்தையும் குறியையும் கூட்டி ஓதும் பழக்கம் மட்டும் குர்ஆன் மத்ரஸாக்களில் இன்னும் கேட்கிறது.