எல்லை நிலமும் ஊரார் சான்றும்: பேராசிரியர் மாதவ் காட்கிலின் ஆய்வுநெறி

ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டரே. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கருநாடகத்தைக் கடந்து ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைகின்றது. பெருநகரின் கழிவுநீர் கலந்து அவ்வணையில் நுரை பொங்குதலை நாம் அறிவோம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின் ஆலையும் வயலும் அடுத்தடுத்து அமைந்தன. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளினின்று யானைகள் வயல்களிற் புகுகின்றன. இத்தகைய நிலத்தின் மாற்றங்களுக்குச் சான்று கூறத்தக்கார் யாவர்? ஆய்வுக்கூடத்தார் மட்டுமோ, அன்றி ஊராருமோ? இவ்வினாவுக்குத் தம் ஆய்வால் விடை தந்தவர் பேராசிரியர் மாதவ் காட்கில்.

1942இல் புனேயிற் பிறந்த அவர், 1969இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1973இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற் சேர்ந்தார். 1983இல் அங்குச் சூழலியல் அறிவியல் மையத்தை நிறுவினார். இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக 1986இல் நீலகிரி அமைந்தமையில் அவர் பங்கு பெரிது.

எனினும், அவர்தம் நெறியை விளக்க மூங்கில் ஆய்வு ஒன்றே சாலும். 1970களில் கருநாடகத்தில் மூங்கில் அருகக் கண்டு கூடை முடைவோர் வருந்தினர். ஊராரின் கால்நடை மேய்ச்சலே காரணம் என்பது வனத்துறையார் கருத்து. ஊராரோ வேறு கூறினர்: புதரின் அடியிலுள்ள முட்போர்வை இளங்குருத்துகளைக் காப்பது; காகித ஆலைக்கு வெட்டுவோர் அம்முள்ளை அகற்றுதலால் குருத்துகள் விலங்குகளுக்கு இரையாகின்றன என்பது அவர் கூற்று. காட்கில் அக்கூற்றை அப்படியே ஏற்றாரல்லர், புறக்கணித்தாருமல்லர். களத்தில் அளந்து நோக்கி, அது மெய்யெனக் கண்டார். ஊரார் சொல் ஆய்வுக்குரிய கருதுகோளாயிற்று என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

இந்நெறியின் வளர்ச்சியே மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. ஓர் ஊரின் செடிகொடி, மீன், பறவை, நீர்நிலை ஆகியவற்றையும், அவை பற்றிய ஊராரின் அறிவையும் ஊராரே பங்குகொண்டு பதிவதற்குரியது அது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தை ஒட்டி எழுந்த 2004ஆம் ஆண்டு விதிகள், அதனை உள்ளூர் மேலாண்மைக் குழுக்களின் தலையாய கடமையாக்கின. 2011இல் அவர் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழு அளித்த அறிக்கையும், முடிவுகள் ஊர்ச் சபைகளில் ஆராயப்பெற வேண்டும் என்று வற்புறுத்தியது. அவ்வறிக்கைக்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அரசு அதனை முழுமையாக ஏற்கவில்லை. ஆயினும் அறிக்கை எழுப்பிய வினா மறையவில்லை.

கிருட்டிணகிரி மாவட்டம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் புறம்பானது. எனினும், அவர்தம் நெறி இங்கு மிகவும் பொருந்தும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வழங்கும் இந்நிலத்தில் ஒரு செடிக்கே பல பெயர்கள் உண்டு. பெயர் மறையின் அதன் பயனும் பருவமும் பற்றிய அறிவும் உடன் மறையும். தாவரநூலார் இனத்தைத் தெளிவர். ஊரார் வழங்கும் பெயரையும் வழக்கையும் பிழையின்றித் தொகுத்தல் மொழிநூல் பயின்றார் கடன். ஏரிகள் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறுமுன் இப்பணி தொடங்குதல் வேண்டும். அப்பேராசிரியரைப் போற்றுவதற்குத் தமிழ்த்துறைகள் செய்யத்தக்க தொண்டு இதனினும் சிறந்தது வேறொன்று இல்லை என்பது நம் துணிபு.