பிறப்பு பயிற்சி ஆகாது

மலக்குழியில் ஒருவர் இறக்கும்போதெல்லாம் ‘விஷவாயு தாக்கி சாவு’ என்று செய்தி வருகிறது. அந்த வேலையை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

வேலைக்கு எடுத்தவரே கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்துக்குப் புதிதல்ல. ஆபத்தான இயந்திரத்தின் அபாயங்களை விளக்கி, போதிய பயிற்சி தராமல் இளம் தொழிலாளரை அதில் நிறுத்தக் கூடாது என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். 1961இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. 1984இல் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன்பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. பயிற்சியும் மேற்பார்வையும் ஆலை நடத்துபவரின் கடமை என 7ஏ பிரிவும், பயிற்சி தொழிலாளியின் உரிமை என 111ஏ பிரிவும் கூறின.

ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் பழகுநர் காலம் உண்டு. சாக்கடையில் இறக்கப்படுபவருக்கோ முதல் நாளே கயிறும் வாளியும்தான். ‘இவர்களுக்குத் தெரியாத வேலையா?’ என்ற பேச்சோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. பயிற்சியால் வளர்ந்த திறனைப் பாராமல் பெற்றோரின் நிலையைப் பார்த்துத் தொழிலை முன்கூட்டியே ஒதுக்குவது சாதி என்று 1936இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அந்த ஒதுக்கீடுதான் இன்றும் ஒப்பந்ததாரரின் செலவை மிச்சப்படுத்துகிறது.

விஷவாயுவுக்குச் சாதி தெரியாது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறினால் மூக்கு அதன் நாற்றத்தையே உணராது. நாற்றம் இல்லை, ஆபத்தும் இல்லை என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்கப் பாதுகாப்பின்றி இறங்குபவரும் விழுகிறார். தலைமுறை அனுபவம் இதைத் தடுக்காது. வாயுவை அளக்கும் கருவியும் அதைப் படிக்கக் கற்ற கண்ணும் வேண்டும்.

பாதுகாப்புக் கருவிகளைத் தருவதும், முன்னெச்சரிக்கைகள் கடைப்பிடிக்கப்படுவதை உறுதிசெய்வதும் வேலை கொடுப்பவரின் கடமை என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். 2014இல் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் இழப்பீடு சாவுக்குப் பின் வருவது. பயிற்சி சாவுக்கு முன் வர வேண்டியது.

குழிக்குள் இறங்கப் பயிற்சி கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. எந்த மனிதரும் இறங்கக் கூடாது. இயந்திரத்தை இயக்கவும் பழுது பார்க்கவும் சம்பளத்தோடு பயிற்சி வேண்டும். ‘இறங்க மாட்டேன்’ என்று சொல்பவரின் வேலைக்குப் பாதுகாப்பு வேண்டும். இந்தப் பொறுப்பை ஒப்பந்ததாரர் தலையில் கட்டிவிட்டு நகராட்சியும் வீட்டு உரிமையாளரும் நழுவ முடியாது. அடுத்த மரணச் செய்தி வரும்போது நம் முதல் கேள்வி இதுவாகட்டும்: பயிற்சி கொடுத்ததற்கான பதிவேடு எங்கே?