தேத்தாங்கொட்டையும் நம் கிணறுகளும்

 

போன கிழமை நம் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்தி சுற்றியது. "கிணற்றில் தேத்தாங்கொட்டை போடுங்கள், எல்லா நஞ்சும் நீங்கும். இது முன்னோர் கண்ட விஞ்ஞானம்" என்று. மூன்று பேர் அதை எனக்கு அனுப்பி, "சேர், இது உண்மையா?" என்று கேட்டார்கள். பாதி உண்மை. எந்தப் பாதி என்று விளங்க வேண்டுமானால் கொஞ்சம் வரலாறு பேச வேண்டும். பொறுமையாக வாசியுங்கள்.

மாரியில் கிணறு கலங்கினால் என் உம்மம்மா மண்பானையின் உட்பக்கத்தில் ஒரு தேத்தாங்கொட்டையை உரசுவார். பிறகு தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார். காலையில் பார்த்தால் மேலே தெளிந்த நீர், அடியில் சேறு. இது அவர் கண்டுபிடித்ததல்ல. சங்க நூல்களில் ஒன்றான கலித்தொகையில், பிரிந்தவன் திரும்பி வந்ததும் ஒரு பெண்ணின் கலங்கிய மனம் தெளிந்ததற்கு இந்த விதை தெளிவித்த நீரே உவமை. வடமொழி மனுநூலும் இந்த மரத்தைச் சொல்கிறது: அதன் காய் நீரைத் தெளிவிக்கும், ஆனால் பெயரைச் சொன்னால் மட்டும் நீர் தெளிந்துவிடாது என்று. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தாவரவியலாளர் இதற்கு 'ஸ்ட்ரிக்னொஸ் பொட்டேட்டோரம்' என்று பெயர் வைத்தார்கள். பின்பாதிக்கு 'குடிப்பவர்களுடைய' என்று பொருள். நம் மொழியில் 'தேற்று' என்றாலே தெளியச் செய் என்பதுதான்.

சரி, அந்தக் கொட்டை என்ன செய்கிறது?

கலங்கல் நீரில் இருப்பவை மிகச் சிறிய களிமண் துகள்கள். ஒரு மைக்ரோமீற்றர் பருமனுள்ள துகள் 30 சென்ரிமீற்றர் ஆழப் பானையின் அடியைத் தொட, அசைவே இல்லாத நீரிலும் ஏறக்குறைய 4 நாள் எடுக்கும். துகள்கள் எல்லாவற்றிலும் மறை ஏற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும், சேர்ந்து பாரமாகாது. கொட்டையை உரசும்போது அதிலிருந்து நீண்ட சங்கிலி போன்ற மாச்சத்து மூலக்கூறுகள் நீரில் கரைகின்றன. பாடப்புத்தகத்தில் 'பல்பகுதியம்' என்கிறோமே, அவைதான். சங்கிலியின் ஒரு பகுதி ஒரு துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது, மிச்சம் நீரில் நீட்டிக்கொண்டு நின்று அடுத்த துகளைப் பிடிக்கிறது. இப்படித் துகளுக்குத் துகள் பாலம் போட்டு, கட்டியாகி, பாரமாகித் தாழ்கிறது. நீரில் கல்சியம் இருந்தால் இந்த ஒட்டுதல் இன்னும் நன்றாக நடக்கும். சுண்ணாம்புக்கல்லில் ஊறும் நம் நீரில் அதற்குக் குறைவில்லை.

இதற்குப் பெயர் புறத்துறிஞ்சல். பஞ்சு தண்ணீரை உள்ளே இழுப்பது அகத்துறிஞ்சல். மேற்பரப்பில் மட்டும் படலமாகப் படிவது புறத்துறிஞ்சல். ஓ.எல். பிள்ளைகள் இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

"நாலு கொட்டை போட்டால் இன்னும் நல்லதுதானே?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. அளவு மிஞ்சினால் ஒவ்வொரு துகளும் முழுவதும் சங்கிலிகளால் மூடப்பட்டுவிடும். பாலம் போட வெற்றிடம் இருக்காது. பூசிய படலமே துகள்களை விலக்கி வைக்கும், நீர் கலங்கியபடியே நிற்கும். அரபு எழுத்தணிக் கலைஞர்கள் மை செய்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். விளக்குக் கரியை வெறும் நீரில் கரைத்தால் கட்டிபட்டு அடியில் தங்கிவிடும். அரபுப் பிசினைச் சேர்த்தால் ஒவ்வொரு கரித்துகளும் பிசின் படலம் போர்த்துத் தனித்தனியே நிற்கும், மை நாள்கணக்கில் கெடாது. 1991இல் பௌதிகவியல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிஞர் பியர் கில் த ஜென், பரிசுக்குப் பின் பாடசாலை பாடசாலையாகப் போய் மாணவர்களோடு பேசினார். அப்போது அவர் விளக்கியவற்றில் இந்த மையும் ஒன்று.

இனி அந்த மற்றப் பாதி. சங்கிலி ஒட்டிக்கொள்ள ஒரு மேற்பரப்பு வேண்டும். மண்ணுக்கு உண்டு. கிருமிகளில் ஒரு பங்கும் மண்ணோடு சேர்ந்து தாழும், ஆனால் எல்லாம் அல்ல. நீரில் கரைந்த உப்புக்கும் நைத்திரேற்றுக்கும் அப்படி ஒரு மேற்பரப்பு இல்லை. தேத்தாங்கொட்டை அவற்றைத் தொடாது.

நம் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கிணறுதான் எல்லாம். தோட்டப் பசளையும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் நீரில் அது மிஞ்சினால், குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கலந்த கிணறுகளின் கதை எல்லோருக்கும் தெரியும். 2019இல் உயர் நீதிமன்றம் மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்த நீரையும் கொட்டையால் குடிநீராக்க முடியாது.

1990 ஒக்டோபரில் நாம் வெளியேற்றப்பட்டபோது விட்டுப்போன கிணறுகள் பல, இருபது ஆண்டு இறைக்காமல் கிடந்தன. திரும்பி வந்து இறைத்துத் துப்புரவாக்கினோம். நீர் தெளிந்தது, குடித்தோம். தெளிந்த நீர் வேறு, சுத்தமான நீர் வேறு என்று அப்போது நமக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

ஆகவே, கலங்கினால் உம்மம்மா செய்ததுபோல் பானையில் உரசுங்கள், தடையில்லை. கொட்டையை அடையாளம் தெரிந்தவர்களிடம் மட்டும் வாங்குங்கள். எட்டியும் இதே குடும்பத்து மரம், அதன் விதை நஞ்சு. தெளிந்த பிறகு கொதிக்க வையுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, கிணற்று நீரை நைத்திரேற்றுக்காகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். முடிவு வந்தால் கொமென்ட்டில் எழுதுங்கள். எந்த ஒழுங்கையில் எவ்வளவு என்று ஒரு பட்டியல் போடுவோம், இன்ஷா அல்லாஹ்.